சிங்கப்பூர் சாப்பாட்டில் 90 சதவீதம் வெளிநாட்டு சரக்கு: கணக்கு போடுவது எப்படி?

ஒரு நாடு வெளிநாட்டு சரக்கை எவ்வளவு நம்பி இருக்கிறது? ஓராண்டு இறக்குமதி மதிப்பை நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பால் வகுத்தால் தெரிந்து விடும். குட்டி நாடான சிங்கப்பூரில் பல ஆண்டுகள் இது 100 சதவீதத்தையும் தாண்டியது.

அப்படியானால் அங்கு எதுவுமே தயாராவது இல்லையா? அதுதான் இல்லை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் பெரும்பங்கு மறுபடி கப்பல் ஏறி வேறு நாட்டுக்கு போய் விடும். அதையும் சேர்த்து எண்ணுவதால் கணக்கு உப்பி விடுகிறது.

நிஜ நிலவரம் சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும். உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2021-ல் இறக்குமதியான கோழியில் 34 சதவீதம் மலேசியா கோழி. 2022 ஜூன் 1-ந் தேதி மலேசியா ஏற்றுமதியை நிறுத்தியதும் சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் திண்டாடினார்கள்.

எவ்வளவு வருகிறது என்பது பாதி கணக்குதான். எத்தனை நாட்டில் இருந்து வருகிறது என்பது மீதி கணக்கு. ஒரே கடையை நம்பினால், கடை அடைத்த அன்று அடுப்பு எரியாது!