பணி மாற்றச் செலவு
பணி மாற்றச் செலவு என்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஏற்படும் நேர இழப்பையும் பிழைகளையும் குறிக்கும் உளவியல் கருத்தாகும். ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதாக நாம் பெருமைப்படுவது பெரும்பாலும் இந்தத் தாவல்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்டு 1927இல் இதை ஆராய்ந்தார். எண் பட்டியலில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறிச் செய்தபோது, ஒரே கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட அதிக நேரம் பிடித்தது. மாற்றம் வருவது முன்பே தெரிந்து, தயாராக நேரம் கிடைத்தாலும் இச்செலவு குறைகிறதே தவிர முற்றிலும் மறைவதில்லை என ரோஜர்ஸ், மொன்செல் இருவரும் 1995இல் காட்டினர்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அ முதல் ஔ வரை எழுதி, பின் 1 முதல் 12 வரை எழுதி, ஆன நேரத்தைக் குறிக்க வேண்டும். அடுத்து அ, 1, ஆ, 2 என மாற்றி எழுத வேண்டும். எழுதுவது அதே அளவுதான். கை தயங்கும் இடங்கள் தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் இழப்பு இதைவிடப் பெரிது. அறிக்கையைப் பாதியில் விட்டுக் கூட்டத்துக்குப் போனவரின் மனம் அறிக்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சோஃபி லெராய் 2009இல் 'கவன எச்சம்' என்றார். கைப்பேசி அறிவிப்புகளை நிறுத்தி, செய்திகளுக்குக் குறித்த நேரத்தில் பதிலளித்தால் தாவல்கள் குறையும். எழுந்தே ஆக வேண்டுமென்றால், எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுச் செல்வது எச்சத்தைக் குறைப்பதாக லெராயும் தெரசா கிளாம்பும் 2018இல் கண்டனர். அழைப்பு வந்தால் உடனே எழ வேண்டிய செவிலியருக்கும் வரவேற்பாளருக்கும் அறிவிப்பை நிறுத்தும் வழி இல்லை. அவர்களால் செய்யக்கூடியது இந்த ஒரு வரிக் குறிப்புதான்.