எஸ்எஸ்எல்சி ஆங்கிலத் தேர்வில் 24 மதிப்பெண் வரம்பு: தமிழ் இலக்கணம் மாணவர்களுக்குக் கைகொடுப்பது எப்படி?

கொச்சி: கேரளப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு பயிலும் மாணவர்கள் ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் குறைந்தது 30 சதவீத மதிப்பெண் பெற வேண்டும் என்ற விதி, 2026-27 கல்வியாண்டில் நடைமுறைக்கு வரும் என அம்மாநில அரசு 2024 ஆகஸ்ட் மாதம் முடிவெடுத்தது. எட்டாம் வகுப்பில் 2024-25ஆம் ஆண்டும், ஒன்பதாம் வகுப்பில் 2025-26ஆம் ஆண்டும் தொடங்கி, படிப்படியாகப் பத்தாம் வகுப்பை எட்டும் வகையில் இந்த மாற்றம் திட்டமிடப்பட்டது.

எஸ்எஸ்எல்சி ஆங்கிலப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20 என மொத்தம் 100 மதிப்பெண்கள். பழைய முறையில் இரண்டையும் கூட்டி 30 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி கிடைக்கும். தொடர் மதிப்பீட்டில் முழுமையாக 20 பெற்ற மாணவருக்கு எழுத்துத் தேர்வில் 10 மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. புதிய விதியின்படி எழுத்துத் தேர்வில் மட்டும் 24 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். அதாவது, ஆங்கிலத்தில் பிழையின்றிச் சில பத்திகளையேனும் எழுதத் தெரியாத மாணவர் தேர்ச்சி பெறுவது கடினம்.

நான்கு மொழிகளுக்கு நடுவே

இந்த மாற்றம் கேரளத்தில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. வேலை தேடி வந்த தமிழர்கள் வாத்துருத்தி போன்ற இடங்களில் குடியேறியுள்ளனர். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ் வழிப் பள்ளிகளும் இயங்குகின்றன. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பள்ளியில் இந்தி ஆகியவற்றோடு நான்காவது மொழியாகவே ஆங்கிலம் இவர்களை வந்தடைகிறது.

எனினும், ஆங்கில இலக்கணத்தின் சில கடினமான விதிகளுக்கு இணையான விதிகள் தமிழிலேயே உள்ளன. இரு மொழிகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதை அறிந்துகொண்டால் மனப்பாடச் சுமை பெருமளவு குறையும்.

ஒரு, ஓர் தெரிந்தால் போதும்

'எ', 'ஆன்' என்ற இரு சொற்களில் எதை எங்கே பயன்படுத்துவது என்ற குழப்பம் பரவலானது. எழுத்துத் தமிழில் 'ஒரு வீடு' என்றும் 'ஓர் ஊர்' என்றும் எழுதுகிறோம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓர்', இல்லையெனில் 'ஒரு'. ஆங்கில விதியும் இதுவே. உயிர் ஒலிக்கு முன் 'ஆன்', மற்ற ஒலிகளுக்கு முன் 'எ'.

கவனிக்க வேண்டியது எழுத்தை அன்று, ஒலியை. 'ஹவர்' என எழுத்துக்கூட்டத் தோன்றும் சொல் 'அவர்' என ஒலிப்பதால் 'ஆன் அவர்' என்பதே சரி. 'யூனிஃபார்ம்' என்ற சொல் உயிரெழுத்தில் தொடங்கினாலும் 'யூ' என ஒலிப்பதால் 'எ யூனிஃபார்ம்' என்றே வரும்.

வினையில் சேரும் 'எஸ்'

'ஐ ரைட்' என்பது 'ஷி ரைட்ஸ்' என மாறுவது ஏன் என்பது பல மாணவர்களுக்குப் புரிவதில்லை. மலையாளத்தில் 'ஞான் எழுதுந்நு', 'அவன் எழுதுந்நு', 'அவள் எழுதுந்நு' என யார் எழுதினாலும் வினைச்சொல் மாறாது. எனவே மலையாளம் வழியாக இவ்விதியை விளக்கும்போது ஒப்பிட்டுக் காட்ட எடுத்துக்காட்டு கிடைப்பதில்லை.

தமிழில் நிலைமை வேறு. எழுதுகிறேன், எழுதுகிறாய், எழுதுகிறாள் என எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்றின் விகுதி மாறுகிறது. ஆங்கிலத்தில் இதன் ஒரு சிறு எச்சமே உள்ளது. நிகழ்காலத்தில் 'ஹி', 'ஷி', 'இட்' ஆகிய மூன்றுக்கும், அவற்றின் இடத்தில் வரும் ஒருமைப் பெயர்களுக்கும் மட்டும் வினையில் 'எஸ்' சேரும்.

பெயர்ச்சொல்லில் 'எஸ்' பன்மையைக் குறிப்பதால், 'தே ரன்ஸ்' எனப் பிழையாக எழுதுவோர் உண்டு. 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்' என்ற இரு தொடர்களையும் அருகருகே எழுதிப் பார்ப்பது பயனளிக்கும். முதல் தொடரில் 'எஸ்' வினையில் உள்ளது. இரண்டாவதில் பெயரில் உள்ளது.

'போகவில்லை' காட்டும் வழி

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை. நடந்தது நேற்று என்பதால் இறந்தகால வினையான 'வென்ட்' வர வேண்டும் என மாணவர் கருதுகிறார்.

இங்கும் தமிழே வழிகாட்டுகிறது. 'நான் நேற்றுப் பள்ளிக்குப் போகவில்லை' என்ற தொடரில் 'போனேன்' என்ற சொல் வருவதில்லை. காலம் காட்டாத 'போக' என்ற வடிவமே வந்து, அதனுடன் 'இல்லை' சேர்கிறது. ஆங்கிலத்திலும் காலத்தை 'டிட்' ஏற்றுக்கொள்வதால், முதன்மை வினை 'கோ' என்ற அடிப்படை வடிவத்திலேயே நிற்கும். 'ஐ டிட் நாட் கோ', 'டிட் யூ கோ' ஆகியவையே சரி.

தமிழ் கைவிடும் இடங்கள்

தமிழ் வழக்கை அப்படியே பின்பற்றினால் பிழையாகும் இடங்களும் உள்ளன. அவற்றில் நான்கு முக்கியமானவை.

முதலாவது, சொல் வரிசை. 'ராமனைக் கண்ணன் அழைத்தான்' என்றாலும் 'கண்ணன் ராமனை அழைத்தான்' என்றாலும் பொருள் ஒன்றே. 'ஐ' உருபு பொருளைக் காத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் உருபு இல்லை, இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை மாறினால் அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் இடம் மாறிவிடுவர்.

இரண்டாவது, 'இஸ்', 'ஆர்' போன்ற வினைகள். 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் நிறைவான தொடர். ஆங்கிலத்தில் வினையின்றித் தொடர் அமையாது என்பதால் 'ஹி இஸ் எ டீச்சர்' என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது, 'அவர்' என்ற சொல். இது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் மரியாதைச் சொல். ஆங்கிலத்தில் 'ஹி' அல்லது 'ஷி' என ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரி வரை மாற்றாமல் எழுத வேண்டும். ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வினாவில் இது மிகவும் முக்கியம்.

நான்காவது, 'இல்' உருபு. கொச்சியில், திங்கட்கிழமையில், கலூர் மெட்ரோ நிலையத்தில் என மூன்று இடங்களிலும் தமிழில் ஒரே உருபு வருகிறது. ஆங்கிலத்தில் பரந்த இடத்துக்கு 'இன் கொச்சி', கிழமைக்கு 'ஆன் மண்டே', குறிப்பிட்ட இடத்துக்கு 'அட் கலூர் ஸ்டேஷன்' என மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன.

கடிதம், அறிவிப்பு, நாட்குறிப்பு

கேரள ஆங்கிலத் தேர்வில் இலக்கணம் தனி விதிகளாக மட்டும் சோதிக்கப்படுவதில்லை. கடிதம், அறிவிப்பு, நாட்குறிப்பு, உரையாடல், வாழ்க்கைக் குறிப்பு போன்ற வடிவங்களை எழுதுவதன் வழியாகவும், பிழை திருத்தும் வினாவின் வழியாகவும் சோதிக்கப்படுகிறது. யாருக்காக எழுதுகிறோம், எந்தக் காலத்தில் எழுதுகிறோம் என்ற இரு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் வடிவம் தானாக அமையும்.

விடுப்புக் கடிதத்தில் காரணமும் வேண்டுகோளும் போதும். 'டியர் சர், ஐ குட் நாட் அட்டெண்ட் ஸ்கூல் யெஸ்டர்டே பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர். ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே' என்ற இரு வரிகள் நிறைவான கடிதமாகும். இதிலும் 'குட் நாட்' என்பதன் பின் 'அட்டெண்ட்' அடிப்படை வடிவத்தில் நிற்பதைக் காணலாம். தேதி, பெறுநர், கையொப்பம் ஆகியவை விடுபடக் கூடாது. முடிவில் எழுதும் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்பதில் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. அதன் 'எஸ்' முன் மேற்குறி இடக் கூடாது.

அறிவிப்பும் செய்தி அறிக்கையும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவையாக இருக்கலாம்; காலம் மட்டும் மாறும். கலூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஒரு கால்பந்துப் போட்டி நடப்பதாகக் கொண்டால், அறிவிப்பில் 'தி மேட்ச் வில் பி ஹெல்ட் ஆன் சாட்டர்டே' என்று எழுத வேண்டும். போட்டி முடிந்த பின் எழுதும் அறிக்கையில் 'தி மேட்ச் வாஸ் ஹெல்ட்' என வரும். தமிழில் 'நடைபெறும்', 'நடைபெற்றது' என்பதற்கு இணையான வேறுபாடு இது. என்ன, எப்போது, எங்கே, யார் பங்கேற்கலாம் ஆகிய நான்கு தகவல்களும் அறிவிப்பில் இருக்க வேண்டும்.

நாட்குறிப்பு எழுதுபவர் தமக்காகவே எழுதுவதால் 'ஐ' என்ற தன்மை இடத்திலும், அன்றைய நிகழ்வுகள் பெரும்பாலும் இறந்தகாலத்திலும் அமையும். விளிச் சொல்லும் முகவரியும் தேவையில்லை. உரையாடலில் வினாத் தொடர்களின் சொல் வரிசையே முக்கியம். 'யூ ஆர் கமிங்' என்பது 'ஆர் யூ கமிங்' என மாற வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் பொருந்தும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு இருந்த இரு தாள்கள் 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாக்கப்பட்டன. 100 மதிப்பெண்களில் 35 பெற்றால் தேர்ச்சி. அத்தேர்விலும் கடிதம், அறிவிப்பு, உரையாடல், பிழை திருத்தம் ஆகியவை இடம்பெறுவதால், மேற்கண்ட ஒப்பீடுகள் அங்கும் பயன்படும்.

முதல் 15 நிமிடங்கள்

கேரள எஸ்எஸ்எல்சி தேர்வில் வினாத்தாளைப் படித்துத் திட்டமிட, எழுதத் தொடங்கும் முன் 15 நிமிடங்கள் வழங்கப்படுகின்றன. எழுத்து வடிவம் சார்ந்த ஒவ்வொரு வினாவுக்கும் யாருக்கு எழுதுவது, எந்தக் காலத்தில் எழுதுவது என்பதை அந்த நேரத்திலேயே மனதில் முடிவு செய்துகொள்ளலாம். எழுதி முடித்த பின், ஒவ்வொரு தொடரிலும் வினை உள்ளதா, ஒருமை எழுவாய்க்கு 'எஸ்' சேர்ந்துள்ளதா, 'டிட்' வந்த இடத்தில் வினை அடிப்படை வடிவத்தில் உள்ளதா என்ற மூன்றையும் மட்டும் சரிபார்த்தாலே பெரும்பாலான பொதுப் பிழைகளைத் திருத்திவிட முடியும்.