தையில் உதிரும், பங்குனியில் சிவக்கும்

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்கும் சாலையில் ஐப்பசியில் போகிறவருக்கு இருபுறமும் பச்சைதான் தெரியும். தை கடைசியில் அதே சாலையில் போனால் காடே வேறு. வெக்காலி மரங்கள் செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். ஒதியமரம் ஓர் இலையும் இல்லாமல் மொட்டையாக நிற்கும். மாசியில் மிச்சமிருப்பதும் உதிர்ந்து பாறையும் கிளையும் மட்டும் மிஞ்சும். பிறகு பங்குனியில், வெயில் ஏறி ஓடைகள் வறண்டுபோன நேரத்தில், மழையே இல்லாமல் மரங்கள் துளிர்விடும். அந்தத் துளிர் பச்சையாக வருவதில்லை. செம்பாகவும் ஒயினின் சிவப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் வரும்.

இலை நிறம் பார்க்கக் கனடாவுக்கோ காஷ்மீருக்கோ போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஓசூர் பக்கத்திலும் உண்டு. மேப்பிளும் சினாரும் அழகுதான். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் வண்ணம் ஆண்டுக்கு இரண்டு தவணையாக வருகிறது: உதிரும்போது ஒருமுறை, துளிர்க்கும்போது ஒருமுறை. இரண்டாவதுதான் அதிக அழகு என்பது என் எண்ணம். இதைப் புரிந்துகொண்டால் வீட்டு மரநிழலில் எதை எப்போது நடுவது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் உதிர்வு. இலைக்குப் பச்சை தருவது பச்சையம். அதனோடு மஞ்சள் நிறக் கரோட்டினாய்டுகளும் இலையில் எப்போதும் இருக்கின்றன. பச்சையத்தின் ஆதிக்கத்தில் அவை தெரிவதில்லை. குளிர்நாட்டில் பகல் குறுகிக் குளிர் வருவதால் மரம் இலையைக் கழிக்கிறது. நம் காட்டில் காரணம் தண்ணீர். மார்கழி தாண்டியதும் மண்ணின் மேலடுக்கு காய்கிறது. இலை வைத்திருந்தால் அதன் வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மரம் இலையை விட்டுவிடுகிறது. சும்மா விடுவதில்லை. பச்சையத்தைச் சிதைத்து, இலையில் இருக்கும் நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பெரும்பங்கைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய செல் அடுக்கு இருக்கிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் குறைந்து எத்திலீனின் கை ஓங்கும்போது அந்த அடுக்கின் சுவர்கள் கரைகின்றன. காற்று அசைத்தால் இலை விழுகிறது. விழுந்த இடத்தைத் தக்கை போன்ற திசு மூடிவிடும்.

சிதைந்த பச்சையம் எங்கே போகிறது என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. சிதைவின் முடிவில் கிடைக்கும் பொருளுக்கு நிறமே இல்லை என்பதால் அது கண்ணில் படவில்லை. 1991இல்தான் பெர்னார்ட் க்ராய்ட்லரும் உடன் பணியாற்றியவர்களும் முதுமையடைந்த பார்லி இலையிலிருந்து அந்த நிறமற்ற பொருளைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். ஆண்டுதோறும் உலகெங்கும் இவ்வளவு பச்சை மறைகிறது. அதன் கணக்கு தெரிந்து இன்னும் நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை.

சிவப்பின் கதை வேறு. மஞ்சள் ஏற்கெனவே இருந்தது. சிவப்பைப் பெரும்பாலான மரங்கள் புதிதாகச் செய்கின்றன. அந்தோசயனின் என்ற நிறமி அது, இலையின் சர்க்கரையிலிருந்து உருவாகிறது. உதிரப்போகும் இலைக்கு மரம் ஏன் செலவு செய்ய வேண்டும்? பச்சையம் குலையும் நேரத்தில் வெயில் இலையைச் சுட்டுவிடாமல் காத்து, சத்தைத் திரும்ப எடுக்க அவகாசம் தருகிறது என்பது ஒரு விளக்கம். 2001இல் டபிள்யூ. டி. ஹாமில்டனும் சாம் பிரவுனும் இன்னொன்றைச் சொன்னார்கள்: பளிச்சென்ற நிறம், மரம் நல்ல எதிர்ப்புத் திறனோடு இருக்கிறது என்று அசுவினிகளுக்கு விடும் எச்சரிக்கை. இரண்டும் இன்றும் விவாதத்தில் இருக்கின்றன. எனக்கு முதல் விளக்கமே நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தமாகப் படுகிறது. தெருவோர நாட்டு வாதுமையின் பெரிய இலைகள் ஆண்டுக்கு இரண்டுமுறைகூட ஆரஞ்சும் சிவப்புமாகி விழுகின்றன. அவற்றை எரிக்கக் குவிப்பதற்கு முன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் அடுத்தடுத்து இருக்கும்.

இனி துளிர். மழைக்கு முன், ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில் புது இலை விடுவது புதிர்தான். ஸ்டீபன் எலியட், பாட்ரிக் பேக்கர், ரோல்ஃப் போர்ச்சர்ட் ஆகியோர் 2006இல் ஆசியப் பருவமழைக் காடுகளின் இந்த முரணைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆழத்து மண்ணீரையும் தண்டில் சேர்ந்த நீரையும் கொண்டு, பகல் நீள்வதை அடையாளமாக வைத்து மரங்கள் துளிர்க்கின்றன என்றார்கள். அதில் மரத்துக்கு என்ன லாபம்? இதற்குத் தமிழ்நாட்டுக் காட்டிலிருந்தே ஒரு பதில் வந்திருக்கிறது. யானை ஆய்வாளராக நாம் அறிந்த இரா. சுகுமார், கே. எஸ். முரளியுடன் சேர்ந்து முதுமலையின் இலையுதிர் காட்டில் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. வறட்சியிலேயே முந்தித் துளிர்த்த மரங்களைப் பூச்சிகள் குறைவாகவே கடித்தன. மழை வந்தபின் துளிர்த்தவை அதிகம் கடிபட்டன. பூச்சிப் படை பெருகுவதற்குள் இலை முற்றிவிடுகிறது.

துளிர் சிவப்பாக இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். இளம் இலை மென்மையானது, கடிக்க எளிது. சில மரங்கள் இலை முற்றும்வரை அதில் பச்சையத்தையும் சத்தையும் முழுதாக ஏற்றுவதில்லை என்று பனாமாவில் ஆராய்ந்த தாமஸ் குர்சரும் ஃபிலிஸ் கோலியும் காட்டினார்கள். கடித்தாலும் மரத்துக்குப் பெரிய நட்டமில்லை. பச்சையம் குறைவாக இருக்கும் நாட்களில் அந்தோசயனினின் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. மாந்தோப்புகளுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் இதைப் பார்க்கக் காட்டுக்குள் போகவே வேண்டாம். மாந்துளிர் தொங்கும் தோப்பும், பழைய கோயில் அரசமரமும், யுகாதிக்குப் பூப்பறிக்கப் போகும் வேப்பமரத்தின் கொழுந்தும் போதும்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதியில் மழை அதிகம் பெய்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். மர நிழலில் செடி நடப் புரட்டாசி, ஐப்பசியைவிட நல்ல காலம் கிடையாது. மண்ணில் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். மேலே வெயில் தணிந்திருக்கும். இலை வாடாமல் வேர் ஓடும். தை பிறப்பதற்குள் வேருக்கு மூன்று மாதம் கிடைக்கிறது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இலையுதிர் காலத்தில் நடுவதற்கும் இதுவேதான் காரணம். சித்திரையில் ஒரு கோடை மழையை நம்பி நட்டால் ஆடிவரை குடம் சுமக்க வேண்டிவரும்.

மரத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள். மாமரத்தடியில் ஆண்டு முழுதும் நிழல். ஒதியம்போல மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும் மரத்தடியில் மாசி, பங்குனியில் தரைவரை வெயில் விழும். அங்கே அந்த மாதங்களில் மண்ணுக்குள் உறங்கும் கிழங்குகள்தான் சரி. மஞ்சளும் கஸ்தூரி மஞ்சளும் அப்படிப்பட்டவை. வேலியோரம் செங்காந்தள் வைக்கலாம். அதன் இதழ் பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பில் முடிவதால் கார்த்திகையில் ஒரே கொடியில் எல்லா நிறமும் இருக்கும். செடி முழுதும், முக்கியமாகக் கிழங்கு, கொல்லும் நஞ்சு. குழந்தையும் கன்றுக்குட்டியும் உள்ள வீட்டில் வேண்டாம். கிழங்குகளை மட்டும் ஐப்பசிக்குத் தள்ளாமல் வைகாசிக்கும் ஆடிக்கும் நடுவில் நட்டுவிட வேண்டும்.

புங்கமரம் மாவுக்கும் ஒதியத்துக்கும் நடுவில் நிற்பது. உதிர்ந்த வேகத்தில் துளிர்த்துவிடும். நிழல் விட்டுப்போவது சில நாட்களுக்கே. வாசலில் புங்கன் வைத்தவர்கள் அதை அறிந்தே வைத்தார்கள். அதன் அடியில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் நன்றாக வரும். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். டிசம்பர் பூவை ஐப்பசியில் குச்சியாக நட்டாலே வேர்பிடிக்கும். வளர்ந்த செடி பனிக்காலத்தில் ஊதாவாகப் பூத்து நிற்கும். கனகாம்பரத்தின் காய்ந்த காய் மழை பட்டதும் வெடித்துத் தானே விதைத்துக்கொள்ளும். வெறும் நிறத்துக்கு என்றால் கோலியஸ். அதன் சிவப்பும் உதிரும் இலையின் அதே அந்தோசயனின்தான். காலை வெயில் கொஞ்சம் படட்டும். வறட்சி தாங்க மருளும் ஓமவல்லியும் இருக்கின்றன.

குழியைச் சிறிதாக எடுங்கள். மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் பரந்திருக்கும். கடப்பாறை போட்டு ஆழத் தோண்டினால் மரம் நலியும். தண்டைச் சுற்றி மண் குவிக்காதீர்கள், பட்டை அழுகும். விழுந்த சருகை வாரிக் கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. மரம் திரும்ப எடுக்காமல் விட்ட சத்தும் சுண்ணாம்பும் அதில் இருக்கின்றன. செடிகளுக்கு நடுவே மூன்று விரல் உயரம் பரப்பினால் மாசி வெயிலில் மண் ஈரம் காக்கும். காட்டையொட்டிய வீடுகளில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மாசி முதல் சித்திரைவரை காட்டுத்தீக் காலம். சுவரை ஒட்டியும் வேலியை ஒட்டியும் சருகு இருக்கக் கூடாது. மிச்சத்தைக் குழியில் போட்டு நனைத்து மட்கவிடலாம்.

நாட்றாம்பாளையத்தைச் சுற்றிய காடுகள் யானைக் காடுகள். 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ராகி முற்றும் மாதங்களில் கர்நாடகத்திலிருந்தும் கூட்டங்கள் வரும். காட்டோரத் தோட்டத்தில் வாழையும் பலாவும் வைப்பது அவற்றை வாசலுக்கு அழைப்பதாகும். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவதும் கூடாது. விதையும் குச்சியும் ஊர்த் தோட்டங்களிலேயே கிடைக்கும். பூ அழகாக இருக்கிறதென்று உண்ணிச்செடியை வேலிக்கு வைக்கவே வைக்காதீர்கள். இந்தக் காடுகளில் புல்லையும் இளங்கன்றுகளையும் மூச்சுமுட்ட வைப்பது அதுதான்.

நிழலுக்கே புதிதாக மரம் வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: பூவம். அரக்குப் பூச்சி வளர்க்கவும் பயன்படும் இந்த மரத்தின் துளிர் ரத்தச் சிவப்பில் வரும். தூரத்திலிருந்து பார்க்கிறவர் பூ என்றே நினைப்பார். மெதுவாக வளரும், பரந்த இடம் கேட்கும். வனத்துறை நாற்றங்காலில் விசாரித்து, கன்றை ஐப்பசியில் நட்டு, முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை தண்ணீர் விடுங்கள். வளர்ந்தபின் மாசியில் கிளை கழிக்கும் வழக்கத்தை மட்டும் இதனிடம் காட்டாதீர்கள். அந்த மாதம் வெட்டுகிற கிளையோடு அந்த ஆண்டின் சிவப்பும் போய்விடும்.