நொய்யலோரம் ஒத்தையில் மூன்று நாள்

சித்தி மகன் கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கிறான். குவாங்சோவில் நடக்கிற கேண்டன் ஃபேருக்குப் போவது அவனுக்கு ஊட்டிக்குப் போய்வருவது மாதிரி. போன முறை மெஷின் பார்த்து முடித்ததும் இரண்டு நாள் கையில் மிச்சமிருக்க, ரயிலேறித் தனியாகவே சுவான்ஜோ போயிருக்கிறான். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கல்லில் ஒரு பசு, லிங்கத்தின்மேல் பால் சொரிந்துகொண்டு நிற்கிறது. கீழே ஒரு வரி: “ஏனுங்க்கா, இது நம்ம பேரூர் கதையாட்டவே இருக்குதுங்களே?”

சுவான்ஜோ பழைய துறைமுக நகரம். 2021இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1281இல், குப்லாய் கான் ஆண்ட காலத்தில், தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டும் வைத்தார்கள். கோயில் இடிந்துபோனாலும் அதன் தூண்களில் சில அங்குள்ள கையுவான் புத்தர் கோயிலில் இன்றும் நிற்கின்றன. இதையெல்லாம் அவனுக்கு விளக்கி எழுதிவிட்டுப் போனைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது. பேரூருக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் நொய்யல் ஆற்றங்கரையில் திதி கொடுக்க. அங்குள்ள சிவன் கோயிலின் கனகசபையை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. மூன்று நாள் லீவு போட்டேன். கூட யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கார் வரும். கார் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் நாலு கோயில் முடித்தாக வேண்டும்.

முதல் நாள் பேரூர். காமதேனு புற்றுக்குள் இருந்த லிங்கத்துக்குப் பால் சொரிந்ததாம். கன்று ‘பட்டி’யின் குளம்பு பட்ட தடம் லிங்கத்தின்மேல் இருக்கிறதாம். அதனால்தான் சாமி பட்டீஸ்வரர். கதையைக் குருக்கள் சொன்னார், படத்தைக் காட்டினேன். “சீனாவிலயா!” என்றவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தார்.

கனகசபை 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வழியில் வந்த அளகாத்திரி நாயக்கர் கட்டியது. யானையுரி போர்த்தவர் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். யானைத் தலை காலடியில் கிடக்க, உரித்த தோல் முதுகுக்குப் பின்னால் விரிந்திருக்கிறது. கல் கனமானது என்பதே அந்தத் தோலைப் பார்க்கும்போது மறந்துவிடுகிறது. எதிரே ஊர்த்துவ தாண்டவம், ஆலங்காட்டுக் காளி. அண்ணாந்து பார்த்தால் விதானத்திலிருந்து கல்லில் கோத்த சங்கிலி தொங்குகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று குடும்பங்கள் என்னைத் தாண்டிப் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பின. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது, நேற்றுவரை நானும் அதே ஜாதிதான்.

நடை சாத்தியதும் பஸ் பிடித்து வெள்ளலூர். 1842இல் தொடங்கிப் பல முறை ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்த ஊர். அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த காசுகள். இப்போது அங்கே கண்ணில் படுவது நொய்யலில் போகிற சாக்கடைத் தண்ணீர்தான். அதிக நேரம் நிற்கவில்லை.

மறுநாள் ஈரோடு ரோட்டில் விசயமங்கலம் இறங்கி, மேட்டுப்புதூர் சமணக் கோயில். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, “சாவிக்காரரு வருவாருங், உக்காருங்” என்று திண்ணையைக் காட்டி மோர் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் சாவி வந்தது. சந்திரப்பிரபர் கோயில் அது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் பெயரோடு சேர்ந்த ஊர். சிரவணபெளகுளத்துக் கோமதேசுவரரை நிறுத்திய சாவுண்டராயரின் தங்கை புள்ளப்பை உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டது இங்கேதான் என்று கல்வெட்டு சொல்கிறது. உள்ளே வௌவால் வாடையும் குளிர்ச்சியும். என்னைத் தவிர அங்கே இருந்தவர் சாவிக்காரர் மட்டும்.

மூன்றாம் நாள் கொடுமணல். சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டர், நொய்யலின் வடகரை. திரும்புகிற பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன். பதிற்றுப்பத்து இரண்டு இடத்தில் ‘கொடுமணம்’ என்று பாடும் ஊர். 1985 முதல் இங்கே பலமுறை அகழாய்வு நடந்தது. மேலைக்கடற்கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகிற பெருவழியில் இருந்த பட்டறை ஊர் இது. பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல், குஜராத் பக்கமிருந்து வந்த சூதுபவளம் எல்லாம் இங்கே மணிகளாயின. மூலக்கல், பாதி செய்தது, துளை போடும்போது உடைந்தது, முழு மணி என்று எல்லாப் பதத்திலும் கிடைத்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகளும் உண்டு. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் நூற்றுக்கணக்கில். அதில் ஆதனும் இருக்கிறான், வடக்கிலிருந்து வந்த சம்பன் சுமணனும் இருக்கிறான்.

பார்க்க என்ன இருக்கிறது? வரப்பு, செம்மண், நடுகற்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “ஏனுங் அம்மணி, ஒத்தையிலயா வந்தீங்?” என்று கேட்டுவிட்டு, தானே வழிகாட்டி ஆகிவிட்டார். “பாசி பொறுக்கற காடுங்க இது. மழ பேஞ்சு மண்ணு கழுவுனா பாசி தெரியுமுங்.” மணியைத்தான் பாசி என்றார். குனிந்து ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விளிம்பில் விரல் நகம் அளவுக்கு வழவழப்பு. அதைக் கையில் வைத்திருந்தபோது, தூணும் சங்கிலியும் பார்த்த முதல் நாளைவிட அதிகமாக மனசு அடித்துக்கொண்டது.

பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டியது, திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியானது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவு ஓரளவு கட்டுக்குள் வந்தது. கல்லில் மணி செய்து கடல் கடந்து விற்றதும், பனியன் தைத்துக் கடல் கடந்து விற்பதும் இதே ஆற்றங்கரைதான். ஆனால் முதல் தொழில் விட்டுச்சென்ற குப்பையைத்தான் நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கொடுமணல் பொருள்களுக்காக ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் அருங்காட்சியகம் 22 கோடி ரூபாயில் அமையும் என்று அரசு அறிவித்தது. நல்லது. கட்டிடத்தோடு ஒழுங்கான பஸ்ஸும், மேட்டுப்புதூர்ச் சாவிக்காரருக்கு ஒரு சம்பளமும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் கிடக்கிற ஓட்டை எடுத்துத் தடவிப் பாருங்கள், பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.