குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம்

தாய்மார்களே, தகப்பன்மார்களே!

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் அந்தக் கிருமி இருக்கிறதா? சாதாரண ரத்தப் பரிசோதனை 18 மாதம் வரை இதைச் சரியாகக் காட்டாது. தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் தங்கியிருப்பதே காரணம்.

ஆகவே 6-வது வாரத்தில் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் காயவைத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் 2010 முதல் இந்த முறை உண்டு. காய்ந்த அட்டைக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். ஜவ்வாது மலைப்பாதையில் நெடுநேரம் போனாலும் கெடாது.

சிகிச்சை இல்லாவிட்டால், கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் 2 வயதைத் தாண்டுவதில்லை. "ஊருக்குத் தெரிஞ்சிடுமே"ன்னு தயங்காதீங்க. 2017-ம் வருடச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியம். மருந்து இலவசம்.

இருவரும் சேர்ந்தே குழந்தையைக் கொண்டுபோங்க. தாயும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சந்தேகம் கேட்க, கட்டணமில்லாத போன்: 1097.