மீன் தொட்டியின் பி.எச். அளவும் அதைத் தாங்கி நிற்கும் கே.எச். அளவும்

கடையில் வாங்கிய 'பி.எச். டவுன்' மருந்தைச் சில சொட்டுகள் விட்டதும் தொட்டித் தண்ணீரின் பி.எச். இறங்கும். மறுநாள் சோதித்தால் பழைய அளவுக்கே ஏறியிருக்கும். மறுபடி மருந்து, மறுபடி ஏற்றம். வண்ணமீன் வளர்க்கத் தொடங்கும் பலர் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் அவதிப்படுவது மீன்தான்.

தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் இந்த அளவுகோலை 1909-ல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் உருவாக்கினார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. 8 இருந்த தண்ணீர் 7 ஆனால் அதில் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு பெருகிவிட்டன என்று பொருள். சில மணி நேரத்தில் இப்படி மாறினால் செவுளால் உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் மீன் திணறிப்போகும்.

சோதிக்கச் சொட்டு மருந்து கிட் போதும். பெரும்பாலான கிட்களில் இருப்பது புரோமோதைமால் நீலம்: 6-ல் மஞ்சள், 7 அருகே பச்சை, 7.6-ல் நீலம். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நீலம்தான். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் 7.6-ஐத் தாண்டும், அங்கெல்லாம் உயர் அளவு கிட் தனியாக வேண்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். செடி உள்ள தொட்டியில் விடியற்காலையில் பி.எச். குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும்; இரவில் சேரும் கரியமில வாயுவைப் பகலில் செடிகள் எடுத்துக்கொள்வதே காரணம். எனவே தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். போர்வெல்லில் அப்போதுதான் பிடித்த தண்ணீரிலும் இந்த வாயு கரைந்திருக்கும். ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தபின் கிடைப்பதே அதன் உண்மையான அளவு.

இனி அந்தச் சுழலுக்கு வருவோம். தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட், நாம் விடும் அமிலத்தைப் பிடித்துக் கரியமில வாயுவாக்குகிறது. வாயு வெளியேறியதும் பி.எச். ஏறிவிடுகிறது. இந்தத் தாங்குதிறனே கார்பனேட் கடினத்தன்மை, சுருக்கமாகக் கே.எச். பி.எச். கிட்டோடு கே.எச். கிட்டும் வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். இரண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அன்றாடம் கே.எச்.சைத் தின்றுகொண்டே இருக்கும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிய தொட்டியில் இது சீக்கிரம் தீர்ந்து, பி.எச். சரிந்து விழும்.

கடினத் தண்ணீர் உள்ள வீட்டில் கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்பதே நல்லது. அவற்றுக்கு அந்தத் தண்ணீர் ஒத்துப்போகும். சென்னை கொளத்தூர் கடைகளில் வாங்கும்போது அவர்கள் தொட்டியின் பி.எச். என்ன என்று தயங்காமல் கேளுங்கள். நியான் டெட்ராவோ டிஸ்கஸோதான் வேண்டுமென்றால், குழாய்த் தண்ணீரில் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து கே.எச்.சைக் குறைக்க வேண்டும். கலப்பதைத் தொட்டியில் செய்யாமல் வாளியில் செய்யுங்கள்; வாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை மாற்ற வேண்டாம். பி.எச்.சை இறக்கப் போடும் மரவேர், காய்ந்த நாட்டு வாதுமை இலை எல்லாம் அதற்குப் பிறகுதான் பலன் தரும்.

பி.எச். தாழ்ந்துபோன தொட்டிக்கு, உடைத்த சிப்பியைத் துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைக்கலாம். தண்ணீர் அமிலமாக ஆக அது கரைந்து ஈடுகட்டும். அவசரத்துக்குச் சமையல் சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். ஆனால் அதற்கு முன் அம்மோனியாவைச் சோதித்தே ஆக வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 8 ஆகும்போது ஐந்து பங்கைத் தொடும். நெடுநாள் கவனிக்காத தொட்டியில் சட்டென்று பி.எச்.சை ஏற்றினால் அதுவரை தாக்குப்பிடித்த மீன்கள் செத்து மிதக்கக்கூடும். அம்மோனியா தென்பட்டால், முதலில் சில நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றி அதைக் குறையுங்கள். சோடா டப்பாவைப் பிறகு திறக்கலாம்.