வலிப்பு நோயாளியும் புகைப்பழக்கமும்

காக்காய் வலிப்பு என்று நம்மவர் அழைக்கும் நோய் தெய்வக் குற்றமும் அன்று, பேய் பிடித்ததும் அன்று. மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் திடீரென ஒழுங்கு தவறுவதே அதன் காரணம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. முறையாக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் நோயாளிகளைப் பார்த்து வரும் அன்பர்களில் நானும் ஒருவன். வார்டில் சேர்ந்தவரின் வீட்டார் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "இந்த நேரத்தில் சிகரெட்டையும் நிறுத்தினால் வலிப்பு கூடிவிடாதா?"

புகைப்பதை விடுவது நன்மையே. ஆயினும் நிக்கோட்டின் கிடைக்காத உடல் முதல் 2, 3 நாட்களில் மிகவும் தவிக்கும். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டக்கூடியது. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை, வார்டில் சேரும்போதே மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனை வளாகத்தில் புகைக்கத் தடை உண்டு. அதனால் சிலர் யாருக்கும் தெரியாமல் படியிறங்கி வெளியே செல்கின்றனர். மூளை மின்பதிவுக்காகச் சிலருக்கு மருந்தைக் குறைத்திருப்பார்கள். அந்நிலையில் தனியே படிக்கட்டில் வலிப்பு வந்தால் என்னாகும்? கையிலுள்ள நெருப்பும் ஆபத்தே.

நண்பர் தந்தார் என்று புகை நிறுத்தும் மாத்திரையை விழுங்கவும் கூடாது. புப்ரோப்பியான் வலிப்பைத் தூண்டும். வலிப்பு நோயாளிகளுக்கு அது ஆகாது. வரனிக்ளின் மருந்துக்கும் 2015ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வலிப்பு எச்சரிக்கை விடுத்தது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் ஆகியவற்றை டாக்டர் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம். வேப் இதற்கு மாற்றாகாது. பெரும்பாலும் அதிலும் நிக்கோட்டின் உண்டு.

வீடு திரும்பிய பிறகு, அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் நடைபெறும் புகை நிறுத்தும் சிகிச்சையைத் தொடரலாம்.

தைப்பூச விரதத்தின்போது புகையை விட்டவர்கள் நம்மிடையே பலர். அந்த மனவுறுதி இங்கும் துணை நிற்கும். ஆனால் விரதத்தின் பெயரால் வலிப்பு மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. விட வேண்டியது சிகரெட்டை, மருந்தை அன்று.

பொருளுதவி செய்யும் அன்பர்கள் முதல் மூன்று நாட்கள் நோயாளியின் அருகே ஒருவர் மாற்றி ஒருவர் அமர்ந்திருந்தால், அதுவும் பேரறமே.